இருபடிச் சமன்பாட்டில் விடை தப்பாக வருகிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

பெரம்பூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சாயங்காலம் ஆறரைக்கு மேல் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். இயற்கணிதம் ஆரம்பித்து இருபடிச் சமன்பாட்டுக்கு வந்துவிட்டால் போதும், மாடியின் நாலு மூலையிலிருந்தும் ஒரே குரல்: "மிஸ், ஆன்சர் வரல." வரல என்றால் எப்படி வரல? ஒன்றுமே வரலையா, வேற வருதா, ரெண்டுக்குப் பதில் ஒண்ணு வருதா? இதைக் கேட்டால் திருதிருவென்று முழிப்பார்கள், அப்புறம் ரப்பரை எடுத்து மொத்தத்தையும் அழித்துவிட்டு முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பார்கள், அதே இடத்தில் அதே தப்பைச் செய்வார்கள்.

அழிக்காதீர்கள். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று தள்ளிக்கொண்டு போனால் மெக்கானிக் உடனே இன்ஜினைப் பிரித்துப் போடுவாரா? ஹாரன் அடிக்கிறதா, கிக்கர் உதைத்தால் என்ன சத்தம் வருகிறது என்று பார்த்து, பாதி நேரம் பிளக்கைத் துடைத்துக் கொடுத்து அனுப்பிவிடுவார். இங்கேயும் அதே வேலைதான். தப்பான விடையைப் பார்த்தாலே எந்த வரியில் தப்பு நடந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிட முடியும், அதற்கு இரண்டே இரண்டு சோதனை போதும்.

அதற்கு முன் எழுத்து விஷயம். நோட்டில் நீங்கள் எக்ஸ் என்று எழுதுவதை இங்கே ய என்று எழுதுகிறேன். நானாகக் கண்டுபிடித்த வேடிக்கை இல்லை. பிரம்மகுப்தர், பாஸ்கரர் காலத்துக் கணக்கில் தெரியாத எண்ணுக்கு 'யாவத்தாவத்' என்று பெயர், எவ்வளவோ அவ்வளவு என்று அர்த்தம், அதைச் சுருக்கி 'யா' என்றுதான் எழுதினார்கள். கெழுக்கள், அதாவது ய², ய இவற்றோடு நிற்கும் எண்களும் கடைசியில் தனியாக நிற்கும் எண்ணும், வழக்கம்போல ஏ, பி, சி. ரூட் என்று நான் சொன்னால் அது வர்க்கமூலக் குறி மட்டும். சமன்பாட்டின் விடையை மூலம் என்றே சொல்கிறேன், சிரிக்காதீர்கள், டாக்டரிடம் போக வேண்டிய மூலம் வேறு. இந்த இரண்டையும் ரூட், ரூட் என்றே சொல்லிச் சொல்லிக் குழம்பும் பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

முதலில் சோதனை

2ய² − 3ய − 5 = 0 என்ற சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். ஏ = 2, பி = −3, சி = −5. சூத்திரம் எல்லாருக்கும் பாட்டு மாதிரி தெரியும்: ய = (−பி ± √(பி² − 4ஏசி)) ÷ 2ஏ. ரூட்டுக்குள் 9 + 40 = 49, அதன் ரூட் 7. மேலே 3 + 7, 3 − 7, கீழே 4. விடை 5/2, −1.

இப்போது அந்த இரண்டையும் கூட்டுங்கள்: 3/2. அது −பி/ஏ ஆக இருக்க வேண்டும், இருக்கிறது. பெருக்குங்கள்: −5/2. அது சி/ஏ ஆக இருக்க வேண்டும், இருக்கிறது. முடிந்தது, பத்து வினாடி. மூலங்களின் கூடுதல், பெருக்கற்பலன் என்று இதைத் தனிக் கேள்வியாகப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள், ஆனால் சொந்த விடையைச் சரிபார்க்க இதை யாரும் எடுப்பதே இல்லை, அதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

இது சரிபார்க்க மட்டும் இல்லை, தப்பு எங்கே என்றும் காட்டும். இரண்டு மூலமும் என்பது நடுவில் ஒரு புள்ளியும், அதிலிருந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே தூரமும்தான். நடுப்புள்ளி −பி/2ஏ. தூரம் ரூட்டிலிருந்து வருகிறது. கூட்டும்போது ப்ளஸ் ரூட்டும் மைனஸ் ரூட்டும் அடிபட்டுப் போய்விடும், ஆகவே ரூட்டுக்குள் என்ன கூத்து நடந்திருந்தாலும் கூடுதலுக்குத் தெரியாது. அதனால்,

கூடுதல் தப்பு என்றால், தப்பு ரூட்டுக்கு வெளியே: −பி, அல்லது கீழே இருக்கும் 2ஏ.

கூடுதல் சரி, பெருக்கற்பலன் தப்பு என்றால், தப்பு ரூட் பக்கம்.

இதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இனி அறிகுறிகளுக்குப் போகலாம். முதல் நாலுக்கும் மேலே போட்ட அதே சமன்பாட்டையே வைத்துக்கொள்கிறேன்.

"புத்தகத்தில் இருப்பதற்கு அப்படியே எதிர்க்குறி"

5/2, −1 வர வேண்டிய இடத்தில் −5/2, 1 வந்திருக்கிறது. கூடுதல் −3/2, குறி மாறியிருக்கிறது. பெருக்கற்பலன் −5/2, அது சரி. இந்த ஜோடியைப் பார்த்தாலே வேறு எங்கும் தேட வேண்டாம். சூத்திரத்தில் செய்தால் −பி என்ற இடத்தில் பி-யையே போட்டிருக்கிறீர்கள்: பி ஏற்கெனவே −3, அதற்கு முன்னால் இன்னொரு மைனஸ் இருக்கிறது, இரண்டும் சேர்ந்து +3 ஆக வேண்டும். காரணிப்படுத்திச் செய்தால் (2ய − 5)(ய + 1) வரை சரியாக வந்துவிட்டு, அடைப்புக்குள் இருக்கும் எண்ணை அப்படியே விடையாக எழுதியிருப்பீர்கள். ய + 1 = 0 என்று ஒரு வரி எழுதினால் இது வராது. அந்த ஒரு வரியை எழுதச் சோம்பல்படுபவர்கள்தான் மாடியில் பாதிப் பேர்.

"இரண்டுமே பெரிதாக வருகிறது"

5, −2 வந்திருக்கிறதா? சரியான விடையைப் போல இரண்டுமே இரண்டு மடங்கு. கூடுதல் 3, வேண்டியது 3/2. கீழே 2ஏ-க்குப் பதில் வெறும் 2-ஆல் வகுத்திருக்கிறீர்கள். ஏ = 1 ஆக இருக்கும் கணக்குகளையே பத்துப் பதினைந்து போட்டுவிட்டு வந்தால் கைக்கு இந்தப் பழக்கம் வந்துவிடும். ஏ = 3 என்றால் மூன்று மடங்காக வரும், ஆக எத்தனை மடங்கு என்று பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும்.

இதற்குத் தம்பி ஒன்று உண்டு. 19/4, 5/4 என்று வந்திருந்தால் பின்னக்கோட்டைக் குட்டையாகப் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்: 3 ± 7/4. 7 மட்டும் 4-ஆல் வகுபட்டது, 3 தப்பித்துக்கொண்டது. கூடுதல் 6, எங்கேயோ போய்விட்டது. ஆனால் இரண்டு விடைக்கும் நடுவே உள்ள இடைவெளி மூன்றரை, அது மட்டும் சரியாக இருக்கும். அப்படி இருந்தால் இந்தத் தப்பேதான். ஸ்கேல் வைத்து ஒரு நீளக் கோடு போடுங்கள், மைனஸ் பி-யிலிருந்து ரூட்டின் வால் வரைக்கும்.

"கூடுதல் சரி, பெருக்கினால் ஒத்துவரவில்லை"

(3 ± √31)/4 என்று வந்து நிற்கும் நோட்டு வாரத்துக்கு ஒன்றாவது என் கைக்கு வரும். கூடுதல் 3/2, சரி. பெருக்கினால் (9 − 31)/16, அதாவது −11/8. வேண்டியது −5/2. ஆக ரூட் பக்கம். பார்த்தால், பி² என்ற இடத்தில் −3² என்று அடைப்பில்லாமல் எழுதி −9 ஆக்கியிருக்கும். எதிர்க்குறி எண்ணை வர்க்கப்படுத்தினால் ஒருபோதும் மைனஸ் வராது, எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அடைப்பு போடாமல் எழுதினால் தெரிந்தவர் கையும் தப்பும்.

ரூட்டைச் சுருக்கும்போது நடக்கும் தப்பும் இதே வீட்டில்தான் குடியிருக்கிறது. ய² − 4ய + 1 = 0 என்றால் (4 ± √12)/2, அதாவது (4 ± 2√3)/2. இரண்டையும் 2-ஆல் வகுத்தால் 2 ± √3. சிலர் 4-ஐ மட்டும் வகுத்து 2 ± 2√3 என்று விட்டுவிடுவார்கள்: கூடுதல் 4, சரி; பெருக்கினால் 4 − 12 = −8, வேண்டியது 1. பார்ப்பதற்கு விடை மாதிரியே இருக்கும், அதனால்தான் ஆபத்து. சரியானதைப் பெருக்கிப் பாருங்கள், 4 − 3 = 1, சுத்தமாக வந்து விழும்.

"ரூட்டுக்குள் மைனஸ் வந்துவிட்டது"

இங்கே பயந்து கணக்கையே விட்டுவிடுகிறார்கள், இல்லாவிட்டால் மைனஸைப் பார்க்காத மாதிரி ப்ளஸ் ஆக்கிவிடுகிறார்கள். இரண்டுமே வேண்டாம். முதலில் சி-யின் குறியைப் பாருங்கள். நம் சமன்பாட்டில் சி = −5; −4 × 2 × (−5) என்பது +40. அதை −40 என்று எழுதியவருக்கு 9 − 40 = −31 வரும். ஒரு குறுக்குவழி: ஏ-யும் சி-யும் எதிரெதிர்க் குறியில் இருந்தால் ரூட்டுக்குள் மைனஸ் வரவே வராது, −4ஏசி எப்போதும் கூட்டலாகிவிடும். அப்படியும் மைனஸ் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு குறிப்பிழை என்று சொல்லலாம்.

ஏ-யும் சி-யும் ஒரே குறியில் இருந்தால் நிஜமாகவே மைனஸ் வரலாம். ய² + 2ய + 5 = 0 இல் 4 − 20 = −16. பத்தாம் வகுப்பில் இதற்குப் பெயர் 'மெய் மூலங்கள் இல்லை', அதை எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகலாம், அதுவே முழு விடை. பன்னிரண்டாம் வகுப்பில் கலப்பெண் வந்த பிறகு இதே கணக்குக்கு −1 ± 2ஐ என்று எழுதுவீர்கள், அந்த ஐ-யை வர்க்கப்படுத்தினால் −1. அப்போதும் நம் சோதனை வேலை செய்யும்: கூடுதல் −2, பெருக்கற்பலன் 1 + 4 = 5.

"காரணியே கிடைக்கவில்லை"

இது வேறு வகை வியாதி. விடை தப்பாக வரவில்லை, விடையே வரவில்லை. பையன் இருபது நிமிடமாகப் பேனாவைக் கடித்துக்கொண்டு இரண்டு எண்ணைத் தேடுகிறான். தேடுவதற்கு முன்னால் பி² − 4ஏசி-யைக் கணக்கிடுங்கள், அதற்குப் பெயர்தான் தன்மைக்காட்டி, அது மூலத்தின் தன்மையைச் சொல் என்ற ரெண்டு மார்க் கேள்விக்காக மட்டும் பிறந்ததில்லை. கெழுக்கள் முழு எண்களாக இருக்கும்போது அது முழு வர்க்கமாக வந்தால் காரணி கண்டிப்பாக உண்டு, இன்னும் தேடலாம். முழு வர்க்கம் இல்லையென்றால் நீங்கள் தேடும் எண் கிடைக்கவே போவதில்லை, எழுந்து சூத்திரத்துக்குப் போங்கள். மேலே பார்த்த ய² − 4ய + 1 அப்படித்தான், 12 முழு வர்க்கம் இல்லை.

6ய² − ய − 12 = 0. தன்மைக்காட்டி 1 + 288 = 289, அது 17-இன் வர்க்கம். ஆக காரணி உண்டு. பெருக்கினால் 6 × (−12) = −72, கூட்டினால் −1 வர வேண்டும்: −9, 8. எண்ணைத் தேடுவதற்கும் இந்த 17 உதவும், அது பலருக்குத் தெரியாது. தேடும் இரண்டு எண்ணின் கூடுதல் −1, வித்தியாசம் 17; பாதியாக்கினால் 16/2 = 8, −18/2 = −9. குருட்டுத் தேடலே தேவையில்லை.

எண் கிடைத்த பிறகும் ஒரு பள்ளம் இருக்கிறது. 6ய² + 8ய − 9ய − 12 என்று பிரித்து எழுதி, முதல் ஜோடியில் 2ய(3ய + 4) எடுத்தாயிற்று. இரண்டாவது ஜோடியில் −3 ஐ வெளியே எடுக்கும்போது உள்ளே −12 என்பது +4 ஆக வேண்டும். அதை 3ய − 4 என்று எழுதிவிட்டு "மிஸ், ரெண்டு பிராக்கெட்டும் ஒண்ணா இல்ல" என்பார்கள். பிராக்கெட் ஒத்துப்போகவில்லை என்றால் எண்ணைத் தப்பாகப் பிரித்துவிட்டோம் என்று நினைத்து மேலே போகாதீர்கள். வெளியே எடுத்த மைனஸ் உள்ளே இரண்டு உறுப்பையும் மாற்றியதா என்று மட்டும் பாருங்கள். −3(3ய + 4) என்று திருத்தினால் (3ய + 4)(2ய − 3) = 0, விடை −4/3, 3/2.

அப்புறம் வலது பக்கம். (ய − 2)(ய − 3) = 6 என்று கொடுத்தால் உடனே ய − 2 = 6, ய − 3 = 6 என்று பிரித்து 8, 9 என்று எழுதுபவர்கள் உண்டு. 8-ஐப் போட்டுப் பாருங்கள், 6 × 5 = 30. பெருக்கினால் பூச்சியம் வரும் என்றால் இரண்டில் ஒன்று பூச்சியமாக இருந்தே தீர வேண்டும். பெருக்கினால் 6 வரும் என்பதற்காக ஒன்று 6 ஆக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, 2 × 3 ஆகவும் இருக்கலாம், 12 × அரை ஆகவும் இருக்கலாம். விரித்து, 6-ஐ இந்தப் பக்கம் கொண்டுவந்தால் ய² − 5ய = 0. விடை 0, 5.

"ஒரே ஒரு விடைதான் வருகிறது"

மூன்று காரணம். 3ய² = 12ய என்பதை இருபுறமும் ய-ஆல் வகுத்து ய = 4 என்று முடித்திருப்பீர்கள்; வகுத்தபோதே 0 என்ற மூலத்தைத் தூக்கி எறிந்தாயிற்று. ய-ஆல் வகுக்காதீர்கள், ஒரு பக்கம் கொண்டுவந்து 3ய(ய − 4) = 0 என்று எழுதுங்கள். இரண்டாவது, (ய − 3)² = 16 இல் ரூட் எடுக்கும்போது ± போடாமல் 7 மட்டும் எழுதுவது; −1 காணாமல் போய்விடும். மூன்றாவது, தன்மைக்காட்டி நிஜமாகவே 0, ய² − 6ய + 9 மாதிரி. அங்கே தப்பே இல்லை, 3, 3 என்று இரண்டு முறை எழுதினால் கூடுதல் 6, பெருக்கற்பலன் 9, சரியாகத்தான் இருக்கும்.

(ய + 1)² = ய² + 5 மாதிரி கணக்கிலும் ஒரே விடைதான் வரும், ஏனென்றால் விரித்தால் ய² இரண்டு பக்கமும் அடிபட்டு 2ய = 4 ஆகிவிடும். அது இருபடியே இல்லை.

"வர்க்கப் பூர்த்தியில் பின்னம் பின்னமாக வந்து குழம்புகிறது"

3ய² + 7ய − 6 = 0. புத்தக முறையில் முதலில் 3-ஆல் வகுக்க வேண்டும், அப்புறம் 7/3-இல் பாதி 7/6, அதன் வர்க்கம் 49/36, அதை இரண்டு பக்கமும் கூட்ட வேண்டும். தப்பு நடக்கும் இடம் இரண்டு: 3-ஆல் வகுக்காமலேயே பாதி எடுப்பது, ஒரு பக்கம் மட்டும் கூட்டுவது. முதலாவது செய்தால் கூடுதல் தப்பும், இரண்டாவது செய்தால் கூடுதல் சரியாக இருந்து பெருக்கற்பலன் தப்பும். மறுபடியும் அதே விதி.

எனக்குக் கேட்டால் பின்னத்தையே கிட்ட விடாத வழி இருக்கிறது. ஸ்ரீதரர் என்ற கணிதர் சொன்னது. அவருடைய இயற்கணித நூல் கிடைக்கவில்லை, ஆனால் பாஸ்கரர் தன் பீஜகணிதத்தில் அந்த விதியை எடுத்துக்காட்டியதால் நம் கைக்கு வந்தது. மாறிலியை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, முழுவதையும் 4ஏ-ஆல் பெருக்கு, பி²-ஐ இரண்டு பக்கமும் கூட்டு. அவ்வளவுதான். இங்கே 4ஏ = 12:

36ய² + 84ய = 72

36ய² + 84ய + 49 = 121

(6ய + 7)² = 121

6ய + 7 = 11 அல்லது −11. ஆக ய = 2/3 அல்லது −3. ஒரு பின்னம் கூட வழியில் வரவில்லை, கடைசி வரியில்தான் வந்தது. வலது பக்கம் நிற்கும் 121 யார் என்று பாருங்கள், 49 + 72, நம் பி² − 4ஏசி-யேதான். சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் பிள்ளைக்கு இதைக் காட்டினால் போதும், எண்ணுக்குப் பதில் எழுத்தைப் போட்டால் சூத்திரம் அப்படியே வந்துவிடும். பரீட்சையில் 'வர்க்கப் பூர்த்தி முறையில் தீர்க்க' என்று கேட்டால் மட்டும் புத்தகப் படிகளையே எழுதுங்கள், திருத்துபவரிடம் ஸ்ரீதரரை வைத்து வாதாட முடியாது.

"வரைபடம் கோணலாக வருகிறது"

எட்டு மதிப்பெண் கேள்வி, வரைந்த பிறகு அழித்தால் தாள் கிழியும், ஆகவே அட்டவணையிலேயே பிடித்துவிட வேண்டும். ய² − ய − 6-க்கு −3 முதல் 4 வரை மதிப்பு போட்டால் 6, 0, −4, −6, −6, −4, 0, 6. இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் ஒன்றே, விகடகவி மாதிரி. நடுப்புள்ளி அரை என்பதால் அப்படி. நீங்கள் எடுத்த எண்கள் நடுப்புள்ளிக்கு இருபுறமும் சமமாக இல்லாவிட்டால் இந்த அழகு தெரியாது. அப்போது அடுத்தடுத்த வித்தியாசத்தை எழுதுங்கள்: −6, −4, −2, 0, 2, 4, 6. அந்த வித்தியாசம் ஒவ்வொரு முறையும் 2ஏ அளவு, இங்கே இரண்டிரண்டாக ஏற வேண்டும். எங்கே அந்தப் படி உடைகிறதோ அந்தப் புள்ளியின் மதிப்பு தப்பு. அப்புறம், பரவளையத்தை ஸ்கேல் வைத்து இணைக்காதீர்கள், இங்கே அடி வளையாமல் தட்டையாக நிற்கும்.

"விடை வருகிறது, ஆனால் கதைக்குப் பொருந்தவில்லை"

வார்த்தைக் கணக்கு. ஈ.சி.ஆரில் 120 கிலோமீட்டர் போகும் ஒரு பஸ், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் கூட்டினால் அரை மணி முன்னதாகப் போய்ச் சேரும், வேகம் என்ன? 120/ய − 120/(ய + 20) = 1/2. ஒழுங்குபடுத்தினால் ய² + 20ய − 4800 = 0, ய = 60 அல்லது −80. ஒருவன் மூன்று புள்ளி நாலு என்று கொண்டுவந்தான். சமன்பாட்டைத் தீர்த்ததில் தப்பே இல்லை, நம் சோதனையிலும் ஜம்மென்று தேறியது. 1/2 என்ற இடத்தில் 30 போட்டிருந்தான். வேகம் மணிக்கணக்கில், நேரம் மட்டும் நிமிடத்தில். மணிக்கு 3.4 கிலோமீட்டர் என்றால் மழை நாளில் அண்ணா சாலைக்கு வேண்டுமானால் ஒத்துக்கொள்ளலாம். கூடுதல், பெருக்கற்பலன் சோதனை சமன்பாட்டுக்கு உள்ளே நடந்த தப்பைத்தான் பிடிக்கும், சமன்பாட்டை அமைத்ததிலேயே தப்பு என்றால் விடையைக் கதையில் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

−80 ஐ எல்லாரும் அடித்துவிடுகிறார்கள், அடிக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு நிமிடம் பாருங்கள், மைனஸை எடுத்துவிட்டால் அது கூட்டிய வேகம். கூட்டிய வேகத்தை ய என்று வைத்துச் செய்தால் 80, −60 வரும்.

இரண்டு விடையும் ப்ளஸ்ஸாக வந்தாலும் ஒன்று செல்லாமல் போகலாம். பாஸ்கரர் பீஜகணிதத்தில் ஒரு குரங்குக் கணக்கு இருக்கிறது: கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றைக் கழித்து வர்க்கப்படுத்தினால் வரும் அளவு குரங்குகள் குகைக்குள் போய்விட்டன, ஒன்று மட்டும் வெளியே தெரிகிறது, மொத்தம் எத்தனை? ய² − 55ய + 250 = 0, விடை 50, 5. ஐந்து என்றால் ஐந்தில் ஒரு பங்கு 1, அதில் மூன்றைக் கழித்தால் −2 குரங்கு. சமன்பாடு ஒத்துக்கொள்கிறது, கதை ஒத்துக்கொள்ளாது, பாஸ்கரரும் 50-ஐத்தான் எடுத்துக்கொண்டார்.

எங்கள் தெருவுக்கு ஏற்ற மாதிரி நான் போடும் கணக்கு மார்கழிக் கோலம். நடு வரிசையில் அதிகப் புள்ளி, மேலும் கீழும் இரண்டிரண்டாகக் குறைந்து 1-இல் முடியும் நேர்ப்புள்ளிக் கோலம். 1, 3, 5, 3, 1 என்றால் 13 புள்ளி, அதாவது 9 + 4. மேல் நுனியிலிருந்து நடு வரை ய வரிசை இருந்தால் மொத்தம் ய² + (ய − 1)². 85 புள்ளி வைத்தாயிற்று என்றால் ய² − ய − 42 = 0, ய = 7 அல்லது −6; ஏழாவது வரிசைதான் நடு, அதில் 13 புள்ளி. சரி, 80 புள்ளி என்றால்? 2ய² − 2ய − 79 = 0, தன்மைக்காட்டி 636, முழு வர்க்கம் இல்லை. அந்தக் கோலம் வராது, எங்கேயோ புள்ளி எண்ணும்போது விட்டிருக்கிறீர்கள்.

"கம்ப்யூட்டர் போட்டதே தப்பாக வருகிறது"

இது பத்தாம் வகுப்புக்கு இல்லை, கல்லூரிக்குப் போனவர்களுக்கு. இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படிக்கும் அக்கா பையன் லேப்டாப்போடு மாடிக்கு வந்தான். "சித்தி, சூத்திரத்தை அப்படியே எழுதியிருக்கேன், ஒரு மூலம் பூச்சியம்னு வருது." சமன்பாடு ய² − 1,00,000ய + 1 = 0. பெருக்கற்பலன் 1 ஆக வேண்டும். ஒன்று பூச்சியம் என்றால் பெருக்கினால் 1 எப்படி வரும்? ஆக தப்புதான். கூடுதலோ 1,00,000, சரி. அப்படியென்றால் ரூட் பக்கம்.

எல்லா மாறியையும் ஃப்ளோட் என்ற சின்ன எண் வகையில் வைத்திருந்தான். அதில் ஏறக்குறைய ஏழு இலக்கம்தான் நிற்கும். பி² என்பது ஆயிரம் கோடி, அதிலிருந்து 4-ஐக் கழித்தால் அந்த 4 கடலில் கரைத்த பெருங்காயம், ரூட் எடுத்தால் மறுபடி 1,00,000, கழித்தால் பூச்சியம். அதிக இலக்கம் பிடிக்கும் டபுள் வகைக்கு மாற்றினால் விடை வந்துவிடும், ஆனால் அங்கேயும் கிட்டத்தட்ட சமமான இரண்டு எண்ணைக் கழிப்பதால் பின்னால் சில இலக்கங்கள் கெடும். வழி என்னவென்றால் கழிக்கவே கூடாது: −பி-க்கு என்ன குறியோ அதே குறியில் ரூட்டைச் சேர்த்துப் பெரிய மூலத்தை மட்டும் சூத்திரத்தில் எடுங்கள், சின்னதைச் சி ÷ (ஏ × பெரிய மூலம்) என்று வகுத்து எடுங்கள். பெருக்கற்பலன் சி/ஏ என்ற அதே சங்கதிதான். இரண்டு வரி மாற்றி, ஃப்ளோட்டை ஃப்ளோட்டாகவே விட்டு ஓட்டினான், 0.00001 வந்தது.